தீராத வயிற்று வலி

4 செப்டம்பர், வியாழன்

வெட்கத்தை விட்டு எழுதுகிறேன். இன்று காலை ஒரு பிணத்தை 'நேரில் கண்டு, நன்கு பரிசீலித்து' என்று கையெழுத்துப் போட்டேன். நான் கண்டது இரண்டு பாதங்களை மட்டும். அதுவும் தப்பித்தவறி. மற்ற நேரமெல்லாம் கறுப்புக் கண்ணாடிக்குப் பின்னால் கண்ணை இறுக மூடிக்கொண்டு, மனதுக்குள் பதினாறாம் வாய்ப்பாடு சொல்லிக்கொண்டு நின்றேன். வயது ஐம்பத்து மூன்று. மீசை வேறு இருக்கிறது.

பிணம் என்றால் எனக்கு ஆகாது. ஆனால் என் ஜெராக்ஸ் கடை காவல் நிலையத்துக்கு அடுத்த கட்டடத்தில் இருக்கிறதே, என்ன செய்ய? யாராவது சந்தேகத்துக்கு இடமாகச் செத்துப்போனால், உள்ளூரில் மரியாதைப்பட்ட ஐந்து பேர் பிணத்தைச் சுற்றி நின்று பார்த்து, 'எங்கள் கருத்தில் சாவுக்குக் காரணம் இன்னது' என்று எழுதிக் கொடுக்க வேண்டும். பஞ்சாயத்தார் என்று பெயர். மரியாதைப்பட்டவர்களைத் தேடி அலைய போலீஸுக்கு ஏது நேரம்? கூப்பிடு தூரத்தில் இருப்பவன்தான் மரியாதைப்பட்டவன். பேக்கரிக்காரர், சலூன்காரர், சைக்கிள் கடை, ரேஷன் கடையில் எடை போடுகிறவர், நான். இது எங்கள் பதினோராவது பிணம்.

ஏட்டு அருணகிரி ஒன்பது மணிக்கே வந்துவிட்டார். "சென்னியண்ணா, அஞ்சு நிமிச வேலைங்ணா. மில் ஆஸ்டல் கெணத்துல ஒரு புள்ள. பாத்துட்டு வந்து டீ குடிச்சுக்கலாம்."

விசாரணை அறிக்கையை டைப் அடிப்பதும் என் கடையில்தான். அதில் ஒரு சௌகரியம் உண்டு. போன பிணத்தின் கோப்பைத் திறந்து, பெயர், வயது, தேதி மாற்றினால் முடிந்தது. 'தீராத வயிற்று வலி காரணமாக வாழ்வில் வெறுப்புற்று' என்ற வரியை நாலைந்து வருடமாக நான் தொடவே இல்லை. அதற்குக் கீழே 'உடலில் வெளிக்காயம் ஏதும் இல்லை'. ஆகவே நாங்கள் பிணத்தைப் பார்க்கக் கிளம்பும் முன்பே எங்கள் ஐவரின் ஒருமித்த கருத்து அச்சாகி, பிரிண்டரிலிருந்து சூடாக வெளியே வந்துவிட்டது.

முனீஸ்வரி, வயது இருபது. ராமநாதபுரம் பக்கம். இந்தப் பெயரில் நாட்டில் ஆயிரம் பேர் இருப்பார்கள்.

பாதத்தில் மருதாணி இருந்தது.

5 செப்டம்பர், வெள்ளி

பெரிய மெஷினுக்கு டோனர் மாற்றினேன். சாப்பாடு இறங்கவில்லை. தமயந்தி வைத்த கொள்ளு ரசத்தில் உப்பு இல்லை என்று சண்டை போட்டு எழுந்துவிட்டேன். உப்பு இருந்தது.

7 செப்டம்பர், ஞாயிறு

ஞாயிற்றுக்கிழமை மதியம் மில் பிள்ளைகளை இரண்டு மணி நேரம் வெளியே விடுவார்கள். ஆஸ்டல் வார்டன் முன்னால் நடக்க, கழுத்தில் நீல நாடாவில் அட்டை தொங்க, அறுபது எழுபது பெண்கள் வரிசையாகக் கடைவீதிக்குப் போவார்கள். சோப்பு, சவுரி, ஊருக்கு ஒரு போன். இன்று வரிசை இல்லை. கதவைப் பூட்டிவிட்டார்களாம். வளையல் கடைக்காரர் வியாபாரம் போச்சே என்று என்னிடம் வந்து புலம்பினார். நானும் உச்சுக் கொட்டினேன்.

டைரியிடம் மறைத்து என்ன ஆகப்போகிறது? போன ஞாயிறு அந்த வரிசையிலிருந்து ஒரு பெண் நழுவி என் கடைக்கு வந்தாள். கோடு போட்ட நோட்டிலிருந்து கிழித்த தாள், இரண்டு பக்கமும் குண்டு குண்டான எழுத்து.

"அண்ணே, இத மனுவா டைப் பண்ணித் தாங்கண்ணே. யாருக்கு அனுப்பணும்னு எனக்குத் தெரியல. நீங்களே போட்டுருங்க."

மேலாகப் படித்தேன். மில்லில் ஒருவர் நைட் ஷிப்டில் தொந்தரவு செய்கிறாராம். எதிர்த்துப் பேசினால் கை நீட்டுகிறாராம். கழுத்தில் தொங்கிய அட்டையைப் பார்த்தேன். முனீஸ்வரி.

இந்தத் தாலுகாவில் என்னைப்போல் மனு எழுத ஆள் கிடையாது. இதை நான் சொல்லவில்லை, ஊர் சொல்கிறது. பட்டா மாறுதலிலிருந்து பக்கத்து வீட்டுச் சேவல் கூவுவது வரை, கலெக்டரே கண் கலங்குகிற மாதிரி எழுதுவேன். ஆனால் இது மில் விவகாரம். மில்லின் அத்தனை படிவமும் அடையாள அட்டையும் என் கடையில்தான் அச்சாகின்றன. அதனால், "கரண்ட் இல்லம்மா, அடுத்த ஞாயிறு வா" என்றேன். தலைக்கு மேல் மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. அவள் அண்ணாந்து அதைப் பார்த்தாள். அப்புறம் என்னைப் பார்த்தாள். தாளை வைத்துவிட்டுப் போய்விட்டாள்.

அடுத்த ஞாயிறு என்பது இன்றுதான்.

தாள் மேஜை இழுப்பறையில், ஸ்டாப்ளர் பின் டப்பாவுக்கு அடியில் இருக்கிறது. அதில் யார் பெயரும் இல்லை. 'ஒருவர்' என்றுதான் இருக்கிறது. அதை வைத்து யாரை என்ன செய்ய முடியும்? இதை இங்கே தெளிவாகப் பதிவு செய்கிறேன்.

10 செப்டம்பர், புதன்

காலையில் கேஸ் சிலிண்டர் வந்தது. மூடி லூஸ். திருப்பி அனுப்பினேன். குடிமகன் என்ற முறையில் என் உரிமைகளில் நான் ரொம்பக் கறார்.

பதினொரு மணிக்கு ஓர் அம்மா வந்தார். நாற்பத்தைந்து இருக்கும். கையில் மஞ்சள் பை. "மனு எழுதுற அய்யா கடை இதானா? பஸ் ஸ்டாண்டுல சொன்னாக."

"உக்காருங்கம்மா. என்ன விஷயம்?"

"எம்மக செத்துப் போச்சுய்யா. இந்த ஊரு மில்லுல."

பெயர் இருளாயி. வாய் விட்டு அழவில்லை. ஒவ்வொரு வாக்கியத்தையும் முந்தானையால் துடைத்துவிட்டு என்னிடம் கொடுப்பதுபோல் நிதானமாகச் சொன்னார். "கன்னத்துல அஞ்சு வெரலும் பதிஞ்சு கெடந்துச்சுய்யா. குளிப்பாட்டுனவ நான். எனக்குத் தெரியாதா? காயமே இல்லன்னு இந்த ஊரு ஆளுக அஞ்சு பேரு கையெழுத்துப் போட்டுருக்காக. பெத்தவ கண்ணுக்குத் தெரிஞ்சது அந்த அஞ்சு பேரு கண்ணுக்குத் தெரியலயா? பத்துக் கண்ணுய்யா!"

எட்டு. மனதுக்குள் திருத்திக்கொண்டேன்.

"வயித்து வலின்னு போட்டுருக்காகளாம். எம்மகளுக்கு ஒரு நா வயித்து வலின்னு கெடையாது. கல்லத் தின்னாலும் செரிக்கும். அந்த வார்த்தைய அடிக்கணும்யா. மறுபடி விசாரிக்கச் சொல்லி எழுதுங்க."

எழுதினேன். அப்படி ஒரு மனுவை என் வாழ்நாளில் எழுதியதில்லை. 'பெற்றவள் கையால் கழுவிய கன்னம்' என்று ஒரு வரி போட்டேன். இரண்டு தடவை வாசித்துப் பார்த்தேன். பிறகு 'பொய்யாகக் கையொப்பமிட்ட பஞ்சாயத்தார்' என்று வந்த இடத்தில் பெயர்களைப் போட வேண்டியிருந்தது. பேக்கரி, சலூன், சைக்கிள், ரேஷன், நாலு பேரையும் இனிஷியலோடு வரிசையாக அடித்தேன். ஐந்தாவதாக 'முதலியோர்' என்று அடித்தேன். நல்ல சொல். உள்ளே யார் வேண்டுமானாலும் குடியிருக்கலாம், வாடகை கிடையாது.

இருளாயிக்குப் படிக்கத் தெரியாது. "நான் சொன்னதெல்லாம் வந்துருச்சாய்யா?" என்றார். வந்துவிட்டது என்றேன்.

எழுந்தவர் நின்றார். "அவ நல்லா எழுதுவாய்யா. பன்னெண்டாவது. மனசுல ஒண்ணுன்னா எழுதி வச்சுருவா. ஆஸ்டல்ல பெட்டிய எல்லாம் கவுத்துத் தேடிட்டேன். ஒரு கடுதாசி கெடைக்கலய்யா. ஒரு துண்டுத் தாளு கெடச்சாப் போதும், நான் பாத்துக்கிருவேன்."

இழுப்பறை என் முழங்காலை இடித்துக்கொண்டிருந்தது.

காசு வாங்கவில்லை.

11 செப்டம்பர், வியாழன்

மில் சூப்பர்வைசர் தண்டபாணி வந்தான். நாலு மணி டீக்கு எட்டு வருடமாக அவன்தான் எனக்கு ஜோடி. ஊர்க்கதைகளை இரண்டு பேரும் பங்கு போட்டுக்கொள்வோம். மில் கதைகள் அவன் பொறுப்பு, தாலுகா ஆபீஸ் கதைகள் என் பொறுப்பு. இன்று நெற்றியில் பட்டையாக விபூதி.

"மாப்ள, அந்தப் புள்ள உங்கிட்டக் கடுதாசி ஏதும் குடுத்துட்டுப் போச்சா?"

"எந்தப் புள்ள?"

"அதான், அன்னைக்கு நீ சொன்னியே."

"நான் என்ன சொன்னேன்? அதெல்லாம் ஒண்ணுமில்ல. சும்மா வந்துது, போச்சு."

"சும்மாதான் கேட்டேன்." வடையைப் பிய்த்துச் சட்னியில் நனைத்தான். கை நடுங்கவே இல்லை. இதை நான் கவனித்தேன்.

ஒரு தாளைத் தாயிடமும் மறைத்தாயிற்று, தண்டபாணியிடமும் மறைத்தாயிற்று. இதற்குத்தான் நடுநிலைமை என்று பெயர் போலிருக்கிறது.

அன்றைக்கு அவனிடம் நான் என்ன சொன்னேன் என்று எனக்கு ஞாபகம் இல்லை.

18 செப்டம்பர், வியாழன்

மனு வேலை செய்துவிட்டது. நான் எழுதினால் சும்மாவா? கலெக்டர் படித்துவிட்டு, மறுவிசாரணைக்கு உத்தரவிட்டிருக்கிறார். கோட்டாட்சியர் விசாரிப்பார். எனக்கு அழைப்பாணை வந்திருக்கிறது: இருபத்து மூன்றாம் தேதி, காலை பத்தரை மணி, தவறாமல் நேரில் ஆஜராகவும். என் எழுத்து வன்மைக்கு இதைவிட அத்தாட்சி வேண்டியதில்லை. என்னையே பிடித்துக்கொண்டு வந்துவிட்டது.

மற்ற நாலு பேரும் சாயங்காலம் கடைக்கு வந்தார்கள். சலூன்காரர் மட்டும் ஒன்றும் பேசவில்லை. சைக்கிள் கடைக்காரர் கணக்கைச் சுலபமாக்கினார். "காயம் இல்லைன்னு எழுதிட்டோம். இப்ப இருக்குதுன்னா நம்மளப் புடிச்சு உள்ள வெப்பாங்க. இல்லைன்னா இல்லைதான். என்னங்க சென்னியப்பன்?"

"ஆமாங்க, இல்லைன்னா இல்லைதான்" என்றேன்.

22 செப்டம்பர், திங்கள்

டாக்டர் பாலகோபால் என் பள்ளித் தோழன். ரெண்டு நாள் ஓய்வுக்கு ஒரு சர்டிபிகேட் கேட்டுப் போனேன்.

"என்ன வியாதின்னு எழுதட்டும்டா?"

"எது சுலபமோ அது. பிரஷர்?"

"பிரஷர்னா அங்கேயே கையில பட்டை கட்டிப் பாத்துருவாங்க. காய்ச்சல்னா தொட்டுப் பாப்பாங்க." பேனாவைச் சுழற்றினான். "வெளிய தெரியாததா, யாரும் இல்லைன்னு சொல்ல முடியாததா ஒண்ணு வேணும். வயித்து வலி?"

நான் சிரித்தேன். அவனும் சிரித்தான். அவன் சிரித்ததன் காரணம் வேறு. 'கடுமையான வயிற்று வலி' என்று எழுதி முத்திரை குத்திக் கொடுத்தான். மை காய என் கையாலேயே விசிறினேன்.

23 செப்டம்பர், செவ்வாய்

படுத்திருந்தேன். சர்டிபிகேட்டை பேக்கரிக்காரர் கொண்டுபோனார். வலி இருப்பதாக வீட்டிலும் நடிக்க வேண்டியிருந்ததால் காலையில் கஞ்சி, மதியம் மோர். மூன்று மணிக்கு நிஜமாகவே வலித்தது. பசி.

போன நாலு பேரில் மூன்று பேர் காயம் இல்லை என்று சொன்னார்களாம். சலூன்காரர், "சரியா ஞாபகம் இல்லைங்க, கூட்டத்தோட கையெழுத்துப் போட்டேன்" என்றாராம். கோட்டாட்சியர் அம்மா அதைக் குறித்துக்கொண்டு, ஐந்தாவது ஆளைக் கேட்காமல் முடிக்க மாட்டேன் என்று முப்பதாம் தேதிக்குத் தள்ளி வைத்துவிட்டார். பிரேதப் பரிசோதனை அறிக்கையில் கன்னத்தில் கன்றல் என்று இருக்கிறதாம். கிணற்றில் விழும்போது பட்டிருக்கலாம் என்று மில் வக்கீல் சொல்கிறாராம். விழும் முன்பே இருந்ததா என்று சொல்ல ஆள் வேண்டும், அதற்கு முன் அவள் யாரிடமாவது எதையாவது சொன்னாளா என்று சொல்லவும் ஆள் வேண்டும் என்றாராம் கோட்டாட்சியர்.

பேக்கரிக்காரர் எல்லாவற்றையும் சொல்லிவிட்டு, "உடம்பப் பாத்துக்கங்க" என்று நாலு தேங்காய் பன் வைத்துவிட்டுப் போனார். நாலையும் தின்றேன்.

26 செப்டம்பர், வெள்ளி

கடை திறந்து ஊதுபத்தி கொளுத்தும்போது இருளாயி வாசலில் நின்றார். உள்ளே வரவில்லை.

"வயித்து வலி எப்பிடிய்யா இருக்கு?"

ஊதுபத்தியைச் சாமி படத்தில் செருகினேன்.

"விசாரணையில பேர் வாசிச்சாகய்யா. சென்னியப்பன், ஜெராக்ஸ் கட, வயித்து வலின்னு. ஜெராக்ஸ் கடையின்னதும் பக்கத்துல ஒரு பிள்ளையக் கூப்புட்டு மனுவ வாசிக்கச் சொன்னேன். நாலு பேரு இருக்கு. அஞ்சாவது பேரு இல்ல. முதலியோர்னு இருக்காம்." கொஞ்ச நேரம் பெயர்ப்பலகையைப் பார்த்தார். "நீங்கதானாய்யா அந்த முதலியோரு?"

"அம்மா, அது வந்து..."

"வைய வரலய்யா. கேக்கத்தான் வந்தேன். எம்மகளுக்கு வயித்து வலின்னு எழுதினீக. இப்ப ஒங்களுக்கும் அதேதாங்கறீக. எனக்கு அந்த நோவு தெரியாது. அது எப்பிடி வலிக்கும்? நின்னுக்கிட்டு இருக்கைலயே வலிக்குமா? சோறு எறங்காதா? அந்த வலி வந்தா கன்னத்துல வெரலு பதியுமாய்யா?"

எதிர்க்கடைகளில் ஆட்கள் எட்டிப் பார்த்தார்கள். இந்த வீதியில் யாருடைய வாசலில் யார் நின்றாலும் முதலில் எட்டிப் பார்க்கிற ஆள் நான். இன்று என் முறை.

"முப்பதாந்தேதி வருவேம்மா" என்றேன். "சத்தியமா வருவேன்."

"வாங்கய்யா" என்றார். "நீங்க பாத்ததச் சொன்னாப் போதும்."

வீட்டுக்கு வந்ததும் தமயந்தியிடம் கொட்டிவிட்டேன். முழுவதும் இல்லை. கண்ணை மூடிக்கொண்டது, மனு, முதலியோர், இழுப்பறைத் தாள் வரைக்கும். அவள் அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

"ஏனுங்க, அந்தப் புள்ளைங்களா? மனு எழுத வந்த புள்ள?"

"ஆமா."

"அன்னைக்கு ராத்திரி சோறு திங்கறப்ப சிரிச்சுட்டே சொன்னீங்களே. தண்டபாணிகிட்ட, 'உங்க மில்லுமேல மனுப்போட ஒரு வீராங்கனை வந்திருக்குது, ராம்நாட்டுக்காரி, கையில கால்ல மருதாணி'ன்னு சொன்னேன், அவன் மூஞ்சியப் பாக்கணுமேன்னு. அந்தப் புள்ளைங்களா?"

டைரியில் இதை நான் ஏற்கெனவே எழுதியதாக நினைத்திருந்தேன். புரட்டிப் பார்த்தேன், இல்லை. சரி, இப்போது எழுதுகிறேன்: சொன்னேன். தமாஷுக்குச் சொன்னேன். டீக்கு ஒரு கதை வேண்டியிருந்தது. தொந்தரவு செய்கிறவன் அவன்தான் என்று எனக்கு எப்படித் தெரியும்? தாளில் பெயர் இல்லையே. மில்லில் முந்நூறு பேர் வேலை செய்கிறார்கள்.

இதைத்தான் தமயந்தியிடமும் சொன்னேன்.

"மூஞ்சியப் பாக்கணுமேன்னு சொன்னீங்க" என்றாள். "தெரியாத ஆளுன்னா அவன் மூஞ்சியில என்ன இருந்துதுங்க பாக்கறதுக்கு?"

முறத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். கொஞ்சம் கழித்து உள்ளேயிருந்தே சொன்னாள். "அந்தத் தாளக் கொண்டுபோயிக் குடுத்துட்டு வாங்க. குடுக்காம வந்தீங்கன்னா சோத்துக்கு பேக்கரிக்கே போயிருங்க."

29 செப்டம்பர், திங்கள்

தாளை மடித்து சட்டைப் பையில் வைத்தேன். எடுத்தேன். வைத்தேன். வேட்டியா பேண்டா என்று யோசித்தேன். வேட்டி.

30 செப்டம்பர், செவ்வாய்

போனேன். சொன்னேன். என் வாழ்க்கையில் இவ்வளவு நிமிர்ந்து நின்றதில்லை.

கோட்டாட்சியர் அம்மாவுக்கு முப்பத்தைந்து வயதுகூட இருக்காது. என் அறிக்கையைக் கையில் வைத்துக்கொண்டு, கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். "இதை டைப் செய்தது யார்?"

"நான்தாங்க."

"வாசிக்கிறேன், கேளுங்க. 'இறந்துபோன முனீஸ்வரி, தன் மனைவி மற்றும் இரு பிள்ளைகளைப் பிரிந்து வாழ்ந்து வந்த நிலையில்'. இருபது வயசுப் பெண்ணுக்கு மனைவி எப்படிங்க வந்தாங்க?"

போன பிணத்தின் மனைவி. அழிக்க மறந்திருக்கிறேன். ஐந்து பேர் கையெழுத்துப் போட்டோம், ஏட்டு போட்டார், இன்ஸ்பெக்டர் போட்டார். ஒருவரும் வாசிக்கவில்லை. குமாஸ்தா ஒருவர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். பின்வரிசையில் தண்டபாணியும் சிரித்தான். நான் எத்தனையோ சபைகளைச் சிரிக்க வைத்தவன். இன்று இருளாயி மட்டும், எதற்குச் சிரிக்கிறார்கள் என்று தெரியாமல், ஒவ்வொரு முகமாகப் பார்த்தார்.

அப்போதுதான் சொன்னேன். "அம்மா, நான் உடலைப் பார்க்கலைங்க. கண்ணை மூடிட்டு நின்னேன். பயம். காயம் இல்லைன்னு எழுதினது பொய். இருந்துதா இல்லையான்னே எனக்குத் தெரியாது."

சைக்கிள் கடைக்காரர் என்னை முறைத்தார். கோட்டாட்சியர் பேனாவைக் கீழே வைத்தார். "இதைச் சொல்ல ஒரு மாதமாச்சா?" என்றார். ஆனால் குரலில் கொஞ்சம் மரியாதை இருந்தது. நான் கற்பனை செய்யவில்லை, இருந்தது.

பிறகு கேட்டார். "இறந்துபோன பெண்ணை அதற்கு முன்னாடி எப்பவாவது பார்த்திருக்கீங்களா? உங்ககிட்ட ஏதாவது சொல்லியிருக்காங்களா?"

சட்டைப் பையில் தாள் இருந்தது. துணியைத் தாண்டி அதன் மடிப்பு நெஞ்சில் குத்தியது. கொடுத்தால் அடுத்த கேள்வி என்னவென்று எனக்குத் தெரியும்: இதைப் பற்றி வேறு யாரிடமாவது சொன்னீர்களா? ஒன்றுக்கு இரண்டு உண்மை ஒரே நாளில் ஒரு மனிதனால் ஆகுமா? அதுவும் பெயர் இல்லாத தாள். பெயர் இல்லாத தாளைக் கொடுத்து, என் கழுத்தை மட்டும் நீட்டி யாருக்கு என்ன பயன்?

"இல்லைங்க" என்றேன்.

குறித்துக்கொண்டார். 'பஞ்சாயத்தாரில் இருவரது சாட்சியம் நம்பத் தகுந்ததல்ல, எஞ்சிய மூவரது கூற்றில் மாறுபாடில்லை, வேறு நேரடிச் சாட்சியம் இல்லை' என்று சொல்லச் சொல்ல குமாஸ்தா எழுதினார். பிரிந்து வாழ்ந்த மனைவியை அடிக்கச் சொன்னார். வயிற்று வலி அப்படியே இருந்தது.

வெளியே வேப்பமரத்தடியில் இருளாயி என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். "ஒத்த ஆளாச்சும் பொய்யின்னு சொன்னீகளேய்யா. போதும்யா. நீங்க நல்லாருக்கணும்." அவர் கை சுடச்சுட இருந்தது. இரண்டே கால் பஸ்ஸுக்கு ஓடினார். மஞ்சள் பையில், ஆஸ்டலில் திருப்பிக் கொடுத்த ஒரு ஜோடிச் செருப்பு நீட்டிக்கொண்டிருந்தது.

எனக்கு பஸ் தவறிவிட்டது. தண்டபாணி வண்டியை நிறுத்தினான். "ஏறு மாப்ள."

ஏறினேன். நாற்பது நிமிடம் அவன் தோளைப் பிடித்துக்கொண்டு வந்தேன். குண்டும் குழியுமான ரோடு.

1 அக்டோபர், புதன்

ஆயுத பூஜை. காலையிலிருந்து கடையைக் கழுவினேன். மெஷின்களுக்குச் சந்தனம், குங்குமம், கட்டிங் மெஷினுக்கு ஒரு முழம் செவ்வந்தி. ஏட்டு வந்து பொரி வாங்கிக்கொண்டு போனார். "என்னங்ணா, இப்படிப் பண்ணிப்போட்டீங்க?" என்று மட்டும் கேட்டார். இனிமேல் பிணத்துக்குக் கூப்பிட மாட்டார்கள் போலிருக்கிறது. அந்த வகையில் லாபம்.

கடைவீதியில் இரண்டு பேர் தட்டிக்கொடுத்தார்கள். "அதிகாரி முன்னாடி தைரியமாப் பேசினீங்களாமே?" சலூன்காரர் கண் கலங்கிவிட்டார். வாயால் மறுத்தேன், தலையால் ஆமோதித்தேன்.

"தாளக் குடுத்தீங்களா?" என்றாள் தமயந்தி.

"குடுத்தாச்சு."

என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு இலை போட்டாள்.

சாயங்காலம் பூஜை முடிந்ததும், வருடத்தின் கழிவுத் தாள்களையெல்லாம் கடைக்குப் பின்னால் குவித்துக் கொளுத்தினேன். பாழான ஜெராக்ஸ்கள், யாரும் வாங்க வராத மனுக்கள், காலாவதியான படிவங்கள். அந்தத் தாளையும் போட்டேன். போடும் முன் ஒரு தடவை படித்தேன். குண்டு எழுத்து. தப்பே இல்லாத தமிழ். கடைசியில், 'இதைப் படிக்கும் அண்ணன் தயவு செய்து யாரிடமும் சொல்லாமல் அனுப்பி வைக்கவும்' என்று இருந்தது. மளமளவென்று எரிந்தது. நோட்டுத் தாள் சீக்கிரம் எரியும்.

முன்னால் எழுதிய பக்கங்களில் ஒரு சின்னத் திருத்தம். தாளில் பெயர் இருந்தது. மூன்றாவது வரியில், இனிஷியலோடு: கி. தண்டபாணி.